துகு நெகாராவில் குணசீலனை விட்டுவந்த நாள்

போன சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் தோசை சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். நனைந்த சீருடையின் வாடை வந்தது. சரியாகக் காயாத துணியை மடித்து வைத்தால் வருமே, அது. திரும்பினால், மழைக்கு ஒதுங்கிய சாரணப் பையன்கள் ஏழெட்டுப் பேர். எனக்குக் குணசீலன் ஞாபகம் வந்துவிட்டது.

பள்ளியில் நான்காம் படிவம் படிக்கும்போது நான் சாரணர் அணித் தலைவன். விசில் ஊதுவதைத் தவிர வேறு தகுதி எதுவும் என்னிடம் இருந்ததாக ஞாபகமில்லை. அந்த மார்ச் விடுமுறையில் எங்களுக்கு நகர நடைப் போட்டி வைத்தார்கள். பழைய ரயில் நிலையத்தில் தொடங்கி டத்தாரான் மெர்டேக்கா சதுக்கம், நாடாளுமன்றம், துகு நெகாரா நினைவுச்சின்னம் என்று நடந்து, ஒவ்வோர் இடத்திலும் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். லேக் கார்டன் பூங்காவுக்கு முதலில் வரும் அணிக்குக் கொடி.

குணசீலன் அண்ணனின் சப்பாத்தைப் போட்டு வந்திருந்தான். பெரியது, முனையில் செய்தித்தாள் அடைத்திருந்தான். வெண்கல வீரர்கள் நிற்கும் துகு நெகாராவுக்கு வருவதற்குள் குதிகால் தோல் உரிந்துவிட்டது.

"நீ இங்கயே உக்காரு லா. நகராத. நாங்க முடிச்சிட்டு வந்து கூட்டிட்டுப் போறோம்" என்றேன்.

சரி என்று தலையாட்டினான்.

நாங்கள்தான் முதலில் வந்தோம். கொடி கொடுத்தார்கள், ஐஸ் போட்ட சிராப் கொடுத்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அவனை மறந்தே போனேன். மழை பிடித்து அரைமணி நேரம் கழித்துத்தான் ஆசிரியர் தலைகளை எண்ணினார். ஒரு தலை குறைந்தது. காரில் போய் அவரே அழைத்து வந்தார். முழுக்க நனைந்து, சப்பாத்தைக் கையில் பிடித்தபடி இறங்கினான்.

"யாருடா உன்ன அங்க விட்டுட்டு வந்தது?"

குணசீலன் என்னைப் பார்த்தான். "நானேதான் உக்காந்துட்டேன் சார். கால் வலிச்சுச்சு."

கொடி என் கையில் இருந்தது. அதைச் சுருட்டத் தொடங்கினேன்.

திரும்பும் பஸ்ஸில்தான் கேட்டேன்: "மழை வந்தா ஒதுங்க வேண்டியதுதான?"

"நீதான லா நகராதன்னு சொன்ன."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னான். அதன்பின் இரண்டு வாரம் பயிற்சிக்கு வந்தான், பிறகு வரவில்லை. வகுப்பில் பேசிக்கொண்டோம், பந்து விளையாடினோம். அந்த ஒரு பேச்சை மட்டும் இருவருமே எடுக்கவில்லை. நாளைக்கு மன்னிப்புக் கேட்டுவிடலாம், பரீட்சை முடியட்டும் என்று நானும் தள்ளிக்கொண்டே வந்தேன். பிறகு பள்ளியும் முடிந்தது.

சுபாங் ஜெயாவில் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மன்னிப்புக் கேட்டே தீர்வது என்று கிளம்பினேன். அவன் அப்பா ரயில்வே ஊழியர். வீடு பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில். போய் நின்றால் சுற்றிலும் தகர வேலி, உள்ளே கிரேன். எதிரே பூக்கட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் விசாரித்தேன்.

"எல்லாரையும் காலி பண்ணிட்டாங்க தம்பி. சில பேரு சுங்கை பூலோ, சில பேரு கிள்ளான். யாரு எங்கன்னு யாருக்குத் தெரியும்?"

இப்போது அங்கே முப்பது மாடி நிற்கிறது. அவன் வீடு எந்த இடத்தில் இருந்தது என்று என்னாலேயே காட்ட முடியவில்லை.