செவ்வந்தி மிஸ் எந்த வரிசை?

திரும்பி வந்த புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறுகிறார் செவ்வந்தி. பஸ் டிக்கெட், ஹேர்பின், முந்திரித் தோல் என்று ஏதாவது விழும். "புக்குக்குள்ளயே குடித்தனம் நடத்திக்கினு இருக்கியா நீ?" என்று கொடுத்த பெண்ணை ஒரு முறை முறைப்பார். எதையும் புரட்டி அடிப்பக்கம் பார்க்காமல் அவருக்கு நம்பிக்கை வராது. டீ கிளாஸைக்கூடத் தூக்கி அடியைப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வந்து, ஒரு பள்ளியின் நூலகத்தைத் திறக்கிறவர். முதல் வேலை கரித்தூசி துடைப்பது. "மைன்ஸ் பக்கத்துக் காத்து அடிச்சா புக்கெல்லாம் வெயிட்டு ஏறிடுதுங்க" என்பார். பள்ளியில் எந்த விழா என்றாலும் முதலில் கிளம்புவது நூலக நாற்காலிகள்தான். போனது போல் எல்லாம் திரும்பாது. அதனால் ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளைப் பெயிண்டில் 'நூலகம்' என்று தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார்.

நாற்காலி எந்த இடத்தைச் சேர்ந்தது என்று தெரிகிறது. தான் எந்த இடம் என்பதுதான் இத்தனை வருடமாகியும் அவருக்குப் பிடிபடவில்லை. ஆசிரியர் யாராவது வராவிட்டால் அந்த வகுப்புக்கு அவரைத்தான் அனுப்புவார்கள். அன்றைக்கு அவர் டீச்சர். ஆசிரியர் கூட்டத்துக்குப் போனால், "உங்களுக்கு ஆபீஸ் மீட்டிங் இல்லீங்களா?" என்பார்கள். அங்கே போனால் கிளார்க் தனகோட்டி, "டீச்சருங்க மீட்டிங் மாடியிலங்க" என்று பணிவாகக் கை காட்டுவார். மாடிப்படியில் பாதியில் நின்று யோசிப்பது அவருக்குப் பழகிவிட்டது.

குரூப் போட்டோ வந்தால் குழப்பம் முற்றிவிடும். ஆசிரியர்கள் நாற்காலியில் உட்காருவார்கள், அலுவலகத்தார் பின்னால் நிற்பார்கள். சரியாக அந்த நேரத்தில் அவருக்கு நூலகத்தைப் பூட்டினோமா என்று சந்தேகம் வந்துவிடும்; பார்க்கப் போய்விடுவார். ஒரு போட்டோவிலும் அவர் இல்லை. வருகிற மே மாதத்தோடு ரிட்டையர். இந்த வருடத்தை விட்டால் இல்லை.

டவுன்ஷிப் பள்ளி நூலகர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் வெட்கத்தை விட்டுக் கேட்டார்: "ஒரு போட்டோலயாச்சும் இருக்கணும்னு ஆசையா இருக்கு. நீங்கள்லாம் எந்த வரிசைங்க?"

"அன்னைக்கு நான் லீவு போட்டுடுவேங்க்கா" என்றாள் காயத்ரி.

"நான் போட்டோகிராபர் பக்கத்துல நின்னுக்கினு, சிரிங்க சிரிங்கன்னு சொல்லிக்கினு இருப்பேம்மா" என்றார் மூத்தவர் சுப்பிரமணியன்.

விடை கேட்கப் போனவருக்கு இருந்த தெளிவும் போயிற்று.

போட்டோ அன்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார். மைதானத்தில் எல்லாரும் வரிசைக்கு வந்தாயிற்று. முன்வரிசை ஓரத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. பின்வரிசையில் தனகோட்டி நகர்ந்து, "மிஸ், இப்படி வாங்க, இடம் இருக்கு" என்றார். செவ்வந்தி ஒரு அடி அந்தப் பக்கம் வைத்தார், ஒரு அடி இந்தப் பக்கம் வைத்தார். பூட்டினோமா என்ற சந்தேகம் வழக்கம்போல எட்டிப் பார்த்தது. சாவி கையில்தான் இருந்தது.

"யாராச்சும் அந்தக் காலி சேரை எடுங்க. போட்டோல அசிங்கமாத் தெரியுது" என்றார் கணக்கு ஆசிரியர் ஜெயப்பிரகாஷ்.

எடுக்கத்தான் போனார் செவ்வந்தி. தூக்கியவர், பழக்கதோஷத்தில் அதைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்தார். அவருடைய கையெழுத்துதான், கொஞ்சம் உரிந்திருந்தது. முந்தானையால் அதை ஒரு முறை துடைத்தார். நாற்காலியை நிமிர்த்தி, இருந்த இடத்திலேயே போட்டு உட்கார்ந்தார்.

"ரெடிங்களா?" என்றார் போட்டோகிராபர்.

செவ்வந்தியின் இரண்டு கைகளும் இருக்கையின் ஓரங்களை இறுகப் பிடித்திருந்தன.