பொம்மைக்குக் கிடைத்த ராஜா வேடம்

இரண்டு முறை கோட்டைவிட்ட கணக்குப் பரீட்சை, நாடக அரங்கத்துப் பதிவறையில் ஜன்னலோர மேசை, மேலாளரின் நக்கல் என்று தங்கை வென்றவை பல. வீட்டில், காலையில் குளியலறைக்குள் முதலில் நுழைவதில் மட்டும் இன்றுவரை அக்காவை வென்றதில்லை.

அக்கா அதே அரங்கத்தில் உடை தைப்பவள். எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் ஒரு பித்தான் இடம் மாறியிருந்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது.

நடந்த நாடகங்களையெல்லாம் கணினிக்குப் புரியும்படி விவரிப்பது தங்கையின் வேலை. எது எதனோடு எந்த வகையில் சேர்கிறது என்று ஒரு வரைபடமே போட்டிருந்தாள்.

"நாடகம் வேற, அதை ஒரு குழு தயாரிச்சது வேற, ஒரு சாயங்காலம் மேடையில நடந்தது வேறக்கா."

"வெட்டுற அளவுத்தாள் வேற, தைச்ச சட்டை வேற, அதைப் போட்டுக்கிட்டுப் போற நாள் வேற. இதுக்குப் போயா இத்தனை நாள் மண்டையை உடைச்சுக்கிட்டே?"

மேலாளர் அந்த வரைபடத்தை ஏற்றால்தான் தற்காலிக வேலை நிரந்தரமாகும். அதுவரை பதிவுகளின் அடியில் அவள் பெயர் வராது. 'அலுவலகம்' என்றுதான் வரும்.

மேலாளர் சோதித்துப் பார்த்தார். அங்கே நடந்த ஒரு நகைச்சுவை நாடகத்தில் ராஜாவாக நடித்தது யார்? திரையில் இரண்டு பதில்கள். ஒன்று, ஊரறிந்த நடிகர். இன்னொன்று, அக்கா உடைகளை மாட்டி அளவு பார்க்கும் தையல் பொம்மை.

பொய்யில்லை. ஒருநாள் நடிகருக்கு வயிற்றுவலி. அக்காவின் பொம்மைக்கு அங்கியும் கிரீடமும் மாட்டி நிறுத்தினார்கள். வசனம் எடுத்துக்கொடுப்பவர் மறைவிலிருந்து பேசினார்.

"நடிகர் வரிசையில பொம்மையா? எடும்மா அதை. உடனே கையெழுத்துப் போடுறேன்."

"நடந்ததைத்தானே சார் எழுதணும்?" தங்கை மசியவில்லை. மேலாளர் எழுந்து போய்விட்டார்.

"என் பொம்மைக்கு ராஜா வேஷம் வாங்கிக் கொடுத்துட்டு உன் வேலைக்கு உலை வெச்சுக்கிட்டியேடி!" என்று அக்கா சிரித்தாள். ஆனால் அவள் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

அடுத்த மாதம் அதே நாடகம் மறுபடியும் மேடையேறியது. அரங்கம் நிறைந்துவிட்டது, நடிகரின் ரயில் நடுவழியில் நின்றுவிட்டது. மேலாளர் பதிவறைக்கு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அன்னிக்குப் பொம்மையை வெச்சு எப்படிம்மா ஒப்பேத்தினோம்?"

தங்கை ராஜாவைத் தொட்டாள், பொம்மை வந்தது. பொம்மையைத் தொட்டாள், அந்தச் சாயங்காலம் வந்தது. குரல் கொடுத்தவர், விளக்கு விழுந்த பக்கம், வெட்டிய வசனங்கள் எல்லாம் கோத்தபடி வந்தன. அக்கா பொம்மையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மேடைக்கு ஓடினாள்.

கைதட்டல் ஓய்ந்ததும் மேலாளர் தொண்டையைச் செருமினார். "பொம்மை இருக்கட்டும். நீயும் இரும்மா."

"இந்தத் தடவை அங்கி மாட்டிவிட்டது யாருன்னும் போடுடி," என்றாள் அக்கா.

"முதல்ல அதைத்தான்க்கா போட்டேன்."

அந்தப் பதிவின் அடியில் 'அலுவலகம்' இல்லை. தங்கை முதன்முதலாகத் தன் பெயரையே இட்ட நாள்: மார்ச் பதினான்கு.