வெளிர்பச்சையில் ஒரு வாசகர்

எங்கள் வகுப்பு வலைப்பூவின் பின்பக்கத்தில் ஓர் உலக வரைபடம் உண்டு. எந்த நாட்டிலிருந்து அன்றைக்கு யாராவது படிக்கிறார்களோ அந்த நாடு பச்சையாகும். நிறையப் பேர் என்றால் கரும்பச்சை, ஒருவரோ இருவரோ என்றால் வெளிர்பச்சை. வலைப்பூவைத் தொடங்கியவள் என்பதால் எனக்கு மட்டுமே திறக்கும் பக்கம் அது. முதல் பருவத்தில் இந்தியா மட்டும்தான் நிறம் மாறியிருந்தது. அதற்குள்ளும் வாசகர்கள் யாரென்று எனக்குத் தெரியும். எழுதியவன், அவன் பக்கத்தில் உட்காருபவன், மதிப்பெண் போட வேண்டிய நான். ஒரு நாள் காலையில் பார்த்தால் சவூதி அரேபியா வெளிர்பச்சையாக இருந்தது. யாரோ வழி தவறி வந்திருப்பார்கள் என்று நினைத்துக் கணினியை மூடினேன். மறுநாளும் அந்தப் பச்சை அங்கேயே இருந்தது.

மதுரைக்கு வெளியே, காய்கறி மார்க்கெட் இருக்கும் பரவையைத் தாண்டித் திண்டுக்கல் சாலையில் இருக்கும் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். மாணவர்களில் பாதிப் பேர் மேற்கே வயல்காட்டு ஊர்களிலிருந்து பஸ்ஸில் வருபவர்கள். மீதிப் பேர் செல்லூர், கோரிப்பாளையம் பக்கத்துப் பிள்ளைகள். அசைன்மென்ட் என்றால் ஒருவன் எழுதுவான், மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதி அழகாக அட்டை போட்டுக் கொண்டுவந்து வைப்பார்கள். ஒரே கட்டுரையைத் திரும்பத் திரும்பப் படித்து எனக்கு அலுத்துப்போனது. நாலு பேர் பார்க்கும் இடத்தில் எழுதினால் கொஞ்சம் வெட்கமாவது வரும் என்று கணக்குப் போட்டு, இனிமேல் எல்லாம் வலைப்பூவில்தான் என்றேன். வெட்கம் வரவில்லை. விலைவாசி பற்றி வகுப்பில் பாதிப் பேர் ஒரே கட்டுரையை ஒரே பிழைகளோடு ஏற்றினார்கள். அடுத்தவர் பதிவுக்குப் பின்னூட்டம் போடச் சொன்னதற்கு எல்லாவற்றின் கீழும் ‘சூப்பர் மாப்ள’ என்று போட்டார்கள். துறைத் தலைவர் தன் பங்குக்கு, அத்தனையையும் பிரிண்ட் எடுத்து பைண்டிங் செய்து ஃபைலில் வைக்கச் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டேன், விதி போடுவேன். வலைப்பூவின் தலைமாட்டில் இரண்டு விதிகளை எழுதி வைத்தேன். பதிவு என்பது சொந்த வீட்டிலோ தெருவிலோ கண்டதாக இருக்க வேண்டும். பின்னூட்டம் போடுபவர் யாராக இருந்தாலும் பாராட்டிவிட்டு நழுவக் கூடாது, ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்.

அடுத்து வந்த பாடம் வாய்ப்புச் செலவு. ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம், அதற்காக விட்டுக்கொடுத்த மற்ற வாய்ப்புகளில் எது மிக நல்லதோ, அதுதான் நம் தேர்வின் உண்மையான விலை. பெரும்பாலோர் படிப்பா கிரிக்கெட்டா, பரோட்டாவா பிரியாணியா என்று எழுதித் தப்பித்துக்கொண்டார்கள். கோரிப்பாளையத்து மாணவன் ஒருவன் மட்டும் தன் தந்தையை, அவன் சொல்லில் அத்தாவை, எழுதியிருந்தான். அவன் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது சவூதிக்கு லாரி ஓட்டப் போனவர், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விடுப்பில் வந்து போகிறார். அவர் போனதற்கு என்ன விலை என்று அவன் அடுக்கிக்கொண்டே போயிருந்தான். பெருநாள் தொழுகைக்குத் தெருப் பிள்ளைகள் எல்லாம் அவரவர் அத்தாவோடு போக, இவன் நண்பனுடைய அத்தாவின் பின்னால் நடந்து போனது. சைக்கிள் கற்றுக்கொடுத்தது பக்கத்து வீட்டுக்காரர். அம்மாவின் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டது தாய்மாமா. விடுப்பில் வந்த அத்தாவைப் பார்த்து இவன் தங்கை கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதையும் எழுதியிருந்தான்.

முடித்ததும் மேலே போய் மறுபடி முதலிலிருந்து படித்தேன். ஆனாலும் பத்துக்கு ஆறுதான் போட்டேன். இழந்ததையெல்லாம் கூட்டினால் அது வாய்ப்புச் செலவு ஆகாது, அத்தா போகாமல் இருந்திருந்தால் என்ன வேலை பார்த்திருப்பார் என்று யோசித்து எழுது என்று கீழே ஒரு குறிப்பும் போட்டேன். பக்கத்து மேஜை ஆசிரியை என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றார். அந்த ஆறை இன்றைக்கும் மாற்ற மாட்டேன். கண்ணீருக்கு மதிப்பெண் போட ஆரம்பித்தால் அடுத்த வாரம் வகுப்பு முழுக்க அழுதுகொண்டு வரும்.

மறுநாள் என் குறிப்புக்குக் கீழே, சவூதியிலிருந்து, அந்த அத்தாவே எழுதியிருந்தார்.

“டீச்சர் சொல்றது சரிதான். நான் வரலைன்னா பரவை மார்க்கெட்ல லோடு வண்டி ஓட்டிருப்பேன். கூட்டாளி கூப்புட்டான். வருமானம் கம்மி, ஆனா அன்னன்னைக்கு வீட்டுக்கு வந்துருப்பேன். நான் விட்டது அதைத்தான். இங்க ஒரு கேள்வி கேக்கணும்னு விதி போட்டுருக்காங்க. கம்பெனில இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. போடவா வேணாமா? கணக்குப் பாத்துச் சொல்லு.”

அன்று மதியம் மாணவன் போனைக் கையில் பிடித்தபடி என் மேஜைக்கு வந்தான். வலைப்பூ முகவரியை என்றைக்கோ அத்தாவுக்கு அனுப்பியதாகவும், அவர் படிப்பார் என்று நினைக்கவே இல்லை என்றும் சொன்னான். “போன்ல சாப்ட்டியாம்பாரு, அம்மாட்ட குடும்பாரு. இம்புட்டு பேசுனதே இல்ல மேம்” என்றான். அவனுக்கு அது கடைசி வருடம். மேலே எம்.ஏ. படிக்க ஆசைப்பட்டான், அந்தச் செலவுக்கு அத்தாவின் சம்பளத்தைத்தான் நம்பியிருந்தான். வா என்றால் படிப்பு நிற்கும், இரு என்றால் அத்தா அங்கேயே இருந்துவிடுவார். நீங்களே ஒரு பதில் சொல்லுங்கள் என்று கேட்டான். அது உன் வீட்டு விஷயம், எனக்குத் தெரிந்தது பாடம்தான் என்றேன். போன வருடங்கள் மூழ்கிய செலவு, எதைச் செய்தாலும் திரும்பி வராது, அதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது, இனிமேல் வரப்போவதை மட்டும் பார் என்றேன். அவன் போனில் தன் பழைய பதிவைத் திறந்து மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தான்.

“அந்த வருசத்தையெல்லாம் எடுத்துட்டா, அவர் மேல கோவப்பட எனக்கு ஒண்ணும் மிச்சம் இல்லையே மேம்.”

பதில் எழுத ஒரு வாரம் எடுத்துக்கொண்டான். அந்த வாரம் முழுக்க வகுப்பே வலைப்பூவைத் திறந்து திறந்து பார்த்தது. நானும் பார்த்தேன். வரைபடத்தில் வெளிர்பச்சை ஒரு நாளும் மறையவில்லை. கடைசியில் பதிவு வந்தது. பழைய கதை ஒரு வரிகூட இல்லை. ஒரு பக்கம் கம்பெனிச் சம்பளமும் தன் எம்.ஏ.வும், மறுபக்கம் லோடு வண்டியும் அன்றாடம் வீடு வந்து சேரும் ஓர் ஆளும் என்று சுருக்கமாக வைத்திருந்தான். கடைசி வரி இது: “இந்தத் தடவை செலவு என்னோடது, நான் குடுத்துக்கிறேன். கையெழுத்துப் போடாதீங்க அத்தா, வந்துருங்க.” அதன் கீழே, ‘சூப்பர் மாப்ள’ ஆசாமிகளில் ஒருவன் முதன்முறையாக என் விதிக்குக் கட்டுப்பட்டிருந்தான். “வண்டி வந்தா மொத லோடு எங்க காட்டு வெங்காயம்தான், சரியா மாப்ள?”

பத்துக்குப் பத்து போட்டேன். ஆனால் அந்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வகுப்பில் எம்.ஏ. படித்தே ஆக வேண்டியவன் என்று ஒருவனைக் காட்டச் சொன்னால் அவனைத்தான் காட்டியிருப்பேன். இப்போது ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு அஞ்சல் வழியில் படிக்கிறான். இதே வகுப்பில் எனக்குப் பிறகு நின்று பாடம் நடத்தியிருக்க வேண்டியவன் என்ற வருத்தம் எனக்குப் போகவில்லை. அவனுக்கு அப்படி வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

அத்தா ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்பினார். அன்றோடு வரைபடத்தில் சவூதி வெள்ளையாகிவிட்டது. இன்று பரவை மார்க்கெட்டில் லோடு வண்டி ஓட்டுகிறார். மகன் படித்து முடித்துப் போன பிறகும் வலைப்பூவை அவர் விடவில்லை. போன வாரம் தக்காளி விலை பற்றி ஒரு மாணவி எழுதியதற்கு, வண்டி வாடகையைக் கணக்கில் சேர்த்தாயா என்று கேட்டிருந்தார். அவள் சேர்க்கவில்லை.

இந்த வருடத்துப் பிள்ளைகளுக்கு அந்த வரைபடத்தைத் திரையில் போட்டுக் காட்டினேன். இந்தியா மட்டும் பச்சையாக இருந்தது. முன்வரிசையில் ஒருத்திக்கு முகம் வாடிவிட்டது.

“வெளிநாட்டுல ஒருத்தர்கூடப் படிக்கலையா மேம்?”

முன்பு ஒருவர் படித்தார் என்றேன்.

“இப்ப படிக்கிறதில்லையா?”

“படிக்கிறாரும்மா. வீட்டுல இருந்து படிக்கிறாரு.”