காலரில் உட்கார்ந்த புகை

ஜூரியில் இருந்தவர்கள்: ரிட்டயரான பேங்க் ஆபீசர், தமிழர், அவர்தான் தலைவர். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர். ஹோமியோபதி டாக்டர். கரிக்கடைக்காரர். கல்கத்தா லேக் மார்க்கெட்டில் பலகாரக் கடை வைத்திருந்த நான்.

அறுபதுகளின் கடைசி. புகை, நாற்றம் என்று புகார் போனால், மாஜிஸ்திரேட் அதற்குக் காரணமானதை எடுத்துவிடச் சொல்லி உத்தரவு போடுவார். ஒத்துக்கொள்ளாதவர் ஜூரி கேட்கலாம். எங்கள் தெருவில் பொரி வறுத்து விற்றவளை எல்லோரும் மாஷி, அதாவது சித்தி, என்போம். அவள் கேட்டாள். அடுப்பு போனால் அவளுக்குச் சோறு இல்லை. மூன்று பேரை மாஜிஸ்திரேட் போட்டார். கரிக்கடைக்காரரையும் என்னையும் மாஷி சொன்னாள்.

"நீங்களும் அடுப்புக்காரர்தானே, தாதா. உங்களுக்குத் தெரியாததா?" என்றாள். வங்காளியில் தாதா என்றால் அண்ணன்.

புகார் கொடுத்தவர் எதிர்வீட்டு மாடிக்காரர். சாட்சியம் அவருடைய வெள்ளைச் சட்டை. கறுப்புக் கறை காலரில் மட்டும் இருந்தது. மாஷியின் புகை தெருவைத் தாண்டி, மாடி ஏறி, காலரைத் தேடிப் பிடித்து உட்கார்ந்திருந்தது. வாத்தியார் முகர்ந்து பார்த்தார். "புகைதான்" என்றார்.

நேரில் பார்க்கப் புகார்க்காரரின் மொட்டை மாடிக்குப் போனோம். சாயங்காலம் ஐந்து மணி. வீட்டுக்கு வீடு கரியடுப்பு மூட்டும் நேரம். அந்தப் புகையில் மாஷியின் கொட்டகை சரியாகக்கூடத் தெரியவில்லை. சும்மா நிற்பானேன் என்று புகைகளை எண்ணினேன். நாற்பத்தேழு. ஒன்று எங்கள் காலுக்குக் கீழே, புகார்க்காரரின் சமையலறையில். எங்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தார்கள்.

டீயைக் குடித்துக்கொண்டே தீர்ப்புக்கு வந்தோம்.

"அவ எரிக்கிறது என் கடைக் கரி. புகையே வராது" என்றார் கரிக்கடைக்காரர். சொல்லி முடிப்பதற்குள் இருமினார்.

"வந்தாத்தான் என்ன? இருமலுக்கு மருந்து இருக்கு" என்றார் டாக்டர். அவர் கிளினிக் மாஷி கொட்டகைக்கு அடுத்தது.

இருவரும் அடுப்பு இருக்கட்டும் என்றார்கள். தலைவரும் வாத்தியாரும் எடுக்க வேண்டும் என்றார்கள். நான் பாக்கி.

தலைவர் என்னிடம் மட்டும் தமிழில் பேசினார்.

"ஏன்யா, உன் கடையிலயும் அடுப்பு எரியறதோல்லியோ?"

"எரியுது சார்."

"நீ எதிர்த்தா இவர் அடுத்த பெட்டிஷன் யார் மேல போடுவார்னு நினைக்கறே?"

டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அப்போ கையைத் தூக்கு."

தூக்கினேன்.

அடுப்பை எடுக்க உத்தரவு வந்தது. மாஷி வறுக்கிற சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ரயில் ஸ்டேஷன் பக்கம் போனாள்.

அடுத்த வாரம் மாடிக்காரர் வீட்டில் வடைக்கு ஆர்டர். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். அதே ஐந்து மணி. எண்ணினேன்.

நாற்பத்தாறு.