மூடிய கதவுக்குள் என் வழிபாடு

விண்வெளிக்கு மனிதரை அனுப்பும் மகத்தான பணியில் என்னுடைய பங்கு, போகிறவர்களைக் கட்டிப்போடுவது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. கனடாவின் மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பின்னால், ஒரு தளபாடக் கடைக்கும் மரக்கறிக் கிடங்குக்கும் நடுவில் நிற்கும் தகரக் கட்டடத்தில் எங்கள் கொம்பனி விண்கலத்துக்கான இருக்கைகளைச் செய்கிறது. நான் அந்த இருக்கைகளுக்குப் பெல்ற் பூட்டுகிறவன். இதற்கு முன்னர் பிறம்ரனில் வான் வண்டிகளுக்குச் சீற் பூட்டினேன். வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். வான் வண்டியில் பூட்டினால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. விண்கலத்தில் பூட்டினால் பொன்னாடை போர்த்துகிறார்கள்.

மெய்யாகவே போர்த்தினார்கள். என் மனைவியின் அண்ணன் அஜக்ஸில் இருக்கிறார். இரண்டு கார் நிறுத்தும் கராஜும், எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் தலைவர் பதவியும் அவருக்கு உண்டு. அந்த இரண்டில் எதைப் பற்றி அதிகம் பேசுவார் என்று சொல்வது கடினம். சங்கத்தின் ஆண்டு விழாவில் என்னை மேடைக்கு இழுத்து, ஒலிவாங்கியை விழுங்குகிறவர்போலப் பிடித்துக்கொண்டு, "விண்வெளி செல்லும் எங்கடை முதல் தமிழன்" என்று முழங்கினார். நான் அவருடைய காதருகே குனிந்தேன்.

"மச்சான், நான் விண்வெளிக்குப் போகேல்லை. போறவைக்குப் பெல்ற் போட்டுவிடப் போறன். அதுவும் இன்னும் முடிவாகேல்லை."

"பேசாமல் நில்லும். சனத்துக்கு அந்த வித்தியாசமெல்லாம் விளங்காது," என்றார். விளங்காதது சனத்துக்கல்ல. ஆனாலும் நின்றேன். பொன்னாடை கழுத்தில் அரித்தது. கீழே இருந்தவர்கள் கைதட்டிவிட்டுக் கொத்துரொட்டிக்கு வரிசையில் நின்றார்கள்.

முடிவாகாத விடயம் இதுதான். ஏவுவதற்குச் சற்று முன்னர், வீரர்கள் கலத்துக்குள் ஏறிப் படுத்த பிறகு, ஆளுக்கொருவராக உள்ளே புகுந்து அவர்களுடைய பெல்ற்றுகளை இறுக்கிவிட்டு வெளியே வரவேண்டும். எங்கள் கொம்பனியிலிருந்து அதற்கு ஒருவரை அனுப்பக் கேட்டிருந்தார்கள். ஒரு நிபந்தனையும் வைத்தார்கள். போகிறவர் தானும் ஒருமுறை, கதவு மூடிய மாதிரிக் கலத்துக்குள், வீரர்கள் கிடக்கும் அவ்வளவு நேரமும் அந்த இருக்கையில் கட்டுண்டு கிடந்திருக்க வேண்டும். எங்கே அழுத்தும், எங்கே மரக்கும் என்று தன் உடம்பாலேயே அறிந்திருக்க வேண்டுமாம். நல்ல நிபந்தனை. மற்றவர்களுக்கு.

நடுவில் தாங்கமுடியவில்லை என்றால் "ஸ்ரொப்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், கதவைத் திறந்துவிடுவார்கள். கதவோடு ஏவுதளப் பயணமும் போய்விடும். எனக்கோ அந்தப் பயணம் வேண்டும். இத்தனை வருடங்களாகப் பூட்டிய பெல்ற்றுகளில் ஒன்றாவது தரையை விட்டு எழும்புவதைக் கிட்ட நின்று பார்க்கவேண்டும் என்று சிறுபிள்ளைத்தனமாக ஆசைப்பட்டேன்.

என் மனைவிதான் வீட்டில் அறிவுள்ள ஆள்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கென்ன விசரோ? போன மாரியில ஆஸ்பத்திரியில அந்த ஸ்கான் குழாய்க்குள்ள அஞ்சு நிமிசம் கிடக்கேலாமல் ஓடி வந்தனீங்கள். இப்ப உதுக்குள்ள போய் அரைநாள் கிடக்கப் போறீங்களோ?"

"ஸ்கான் வேறை, இது வேறை."

"ஓம். இதிலை கதவும் இருக்கு," என்றாள்.

சோதனைக்கு முன்னர் கொம்பனியின் மனிதவளப் பெண்மணி என்னை அழைத்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்து, இறந்த வீட்டில் பேசும் குரலில், மூடிய இடங்களைப் பற்றி எனக்கு ஏதாவது பழைய நினைவுகள் உண்டா என்று கேட்டார். எதை எதிர்பார்க்கிறார் என்று தெரிந்தது. யாழ்ப்பாணத்துக்காரனுக்குத் தும்மல் வந்தாலும் அதற்குப் போர்தான் காரணமாக இருக்கவேண்டும் என்று இங்கே ஒரு கூட்டம் நம்புகிறது. குண்டு விழுந்த நாட்களில் பங்கருக்குள் நாங்கள் சீட்டில் முந்நூற்றிநாலு விளையாடினோம், நான் பெரும்பாலும் வென்றேன், மிச்ச நேரம் நித்திரை கொண்டேன் என்றேன். அவருக்கு ஏமாற்றமாகிவிட்டது. என் பயத்துக்கு அப்படியொரு மரியாதையான காரணம் கிடையாது. அது ஸ்கான் குழாய்க்குள் சும்மா வந்து ஒட்டிக்கொண்ட வெறும் பயம். அதைச் சொல்ல எனக்கு வெட்கம். போரின்மேல் பழியைப் போட்டிருந்தால் அந்தப் பெண்மணி எனக்குத் தேநீர் போட்டுத் தந்திருப்பார்.

சோதனை நாளன்று மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்கால் இரண்டையும் நெஞ்சுப் பக்கம் மடக்கி, நானே பூட்டிய பெல்ற்றுகளால் என்னைக் கட்டினார்கள். கட்டியவள் சென்னைப் பெண், கொம்பனியில் எஞ்சினியர், என்னைவிட மிகவும் இளையவள். எல்லாரையும் "சார்" என்பாள். அந்தச் சாரில் மரியாதை எவ்வளவு, பகிடி எவ்வளவு என்று ஒருபோதும் பிரிக்க முடியாது. உள்ளே பெரியாட்களுக்கான பம்பர்ஸ் டயப்பர் வேறு கட்டியிருந்தேன். ஐம்பது வயதைத் தாண்டியவனை முழங்கால் மடக்கிப் பம்பர்ஸோடு படுக்கவைத்துவிட்டு, இதுதான் மனித குலத்தின் அடுத்த பாய்ச்சல் என்கிறார்கள்.

"சார், டைட்டா இருக்கா?"

"இருக்கு."

"நீங்க மாட்டின பெல்ட்தான் சார்," என்று சொல்லிவிட்டு வெளியேறினாள். அவளுக்கு ஒலித்தொடர்பில் உட்கார்ந்து என்னோடு பேசுகிற வேலை. அவளுக்குப் பக்கத்தில் சோதனையை நடத்துகிற வெள்ளைக்காரர், நீண்ட கழுத்தும் நீண்ட பொறுமையும் உள்ளவர்.

கதவு மூடியது. அது மூடிய சத்தத்தைப் பற்றி ஒன்றும் எழுதமாட்டேன்.

மூக்குக்கு நேர்மேலே சாம்பல் நிறப் பலகை ஒன்று. அது என்னை நோக்கி இறங்குவதாக நான் முடிவெடுத்தேன். காற்று முடிந்துவிட்டதாகவும் முடிவெடுத்தேன். காற்றாடி பக்கத்தில் கொர்ரென்று சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அதையும் நம்பவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி, "ஸ்" வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரத்தில் மச்சானின் முகம் நினைவுக்கு வந்தது. இந்தச் செய்தியைக் கேட்டால், அந்த மனிதர் பொன்னாடையைத் திருப்பிக் கேட்கக்கூடிய ஆள்.

ஆத்திரம் வந்தது. வாய்க்குள்ளேயே முணுமுணுக்கத் தொடங்கினேன். "பேயன்... கராஜுக்குள்ள கார் விட இடமில்லாமல் பழைய சோபாவை அடுக்கி வைச்சிருக்கிறான், அதுக்கு ரெண்டு கதவு... மேடையில ஏறினால் இறங்கத் தெரியாது... பொன்னாடை வாங்கினது எந்தக் கடையில, மலிவு விற்பனைப் பெட்டிக்குள்ள..." பலகை நின்ற இடத்திலேயே நின்றது. அப்போதுதான் கண்டுபிடித்தேன்: ஒருவனை முழுமனத்தோடு திட்டிக்கொண்டிருக்கும்போது பயப்படுவதற்கு மனத்தில் இடமிருப்பதில்லை.

எனவே ஒழுங்காகத் திட்டினேன். மச்சான் முடிந்ததும் மனிதவளப் பெண்மணி. அவருடைய சாய்ந்த தலை. பிறகு எங்கள் மேலாளர், தன் நாயை மகன் என்றும் என்னை நண்பர் என்றும் அழைப்பவர். நாய்க்கு ஊதிய உயர்வு கிடைத்திருக்கும். பிறகு அந்தச் சென்னைப் பெட்டை, "நேற்றுப் பள்ளிக்கூடம் முடிச்சுப்போட்டு வந்து எனக்கு டைற்றா இருக்கோ எண்டு கேட்கிறாள்." பிறகு ஒன்றுவிட்ட உறவினர்கள், தூரத்து உறவினர்கள். உறவினர்களும் முடிந்தார்கள். வாழ்க்கையில் முதன்முறையாக எங்கள் இனசனம் போதாமல்போனது. நான் மௌனமானேன். மௌனமானதும் பலகை இறங்கத் தொடங்கியது.

காதுக்குள் ஒரு குரல்.

"ஏன் சார் நிறுத்திட்டீங்க? அந்த சோபாவை அப்புறம் என்ன பண்ணாரு?"

தலைக்கவசத்தில் இருந்தது பேசினால் தானாகத் திறந்துகொள்ளும் மைக். அதைக் காலையில்தான் எனக்கு விளக்கமாகச் சொல்லியிருந்தார்கள். நான் தலையாட்டியும் இருந்தேன்.

"எல்லாம் கேட்டதோ?"

"கேட்டுச்சு சார். ரெக்கார்டும் ஆகுது. பாதிதான் புரிஞ்சுது. பெட்டைன்னா நான்தானே?"

பயத்தில் இரண்டு வகை உண்டு என்று அப்போது அறிந்தேன். செத்துவிடுவேனோ என்பது ஒன்று. நாளைக்கும் வேலைக்கு வந்து இவள் முகத்தில் முழிக்கவேண்டுமே என்பது மற்றது. இரண்டாவது வந்தவுடன் முதலாவது எழுந்து இடம் விட்டது.

வெள்ளைக்காரர் ஆங்கிலத்தில் குறுக்கிட்டார். இவர் இவ்வளவு நேரமும் என்ன சொல்கிறார், உதவி கேட்கிறாரா என்றார்.

"இல்லை, அது ஒரு வழிபாடு," என்றாள் அவள், குரலில் ஒரு துளிச் சிரிப்பும் இல்லாமல்.

"ஓ," என்றார் அவர். உடனே குரலைத் தாழ்த்தினார். "தொடரட்டும். நாங்கள் குறுக்கிடக்கூடாது."

மச்சானைத் திட்டியதற்கு இவ்வளவு மரியாதை அதற்கு முன்னரும் கிடைத்ததில்லை, பின்னரும் கிடைக்கவில்லை.

நேரம் போனது. பிறகு, திட்டத்தின்படி, கலத்தை உள் மின்சாரத்துக்கு மாற்றும் ஒத்திகை வந்தது. விளக்குகள் அணைந்தன. காற்றாடி நின்றது. கொஞ்ச நேரத்துக்குத்தான். எனக்கு அது முன்னரே தெரியும். தெரிந்தது ஒன்றுக்கும் உதவவில்லை. "கதவைத் திறவுங்கோ!" என்று கத்தினேன். "திறவுங்கோ! மூச்செடுக்கேலாமல் கிடக்கு!"

அவள் குரலிலிருந்த பகிடி சட்டென்று இல்லாமல்போனது.

"சார், கேளுங்க. ஸ்டாப்னு சொன்னா இந்த செகண்டே திறப்பாங்க. நானே ஓடி வரேன். இதுல அவமானம் ஒண்ணும் இல்ல. சொல்றீங்களா?"

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இருட்டில் என் மூச்சு, துரத்தப்பட்ட நாயின் மூச்சுப்போல எனக்கே கேட்டது.

"பிள்ளை, நான் இப்பிடித்தான் ஸ்கான் குழாய்க்குள்ளயிருந்தும் ஓடினனான்," என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியாது. திட்டுவதற்கு மிச்சமிருந்த ஒரே ஆள் நான்தான்.

"எப்படி சார் ஓடினீங்க?"

"அவையள் தந்த சட்டைக்குப் பின்பக்கம் முழுக்கத் திறப்பு. அதோட ஓடிப்போய்க் கதவெண்டு நினைச்சு ஒண்டைத் திறந்தன். உள்ளுக்கு ஒரு கிழவியும் குடும்பமும் இருந்து சாப்பிடுகினம். மன்னிப்புக் கேட்டுப்போட்டு, மரியாதையாத் திரும்பி நடந்தன். திரும்பினாப் பிறகுதான் பின்பக்கம் ஞாபகம் வந்தது."

காதுக்குள், மேசையில் எதுவோ விழுந்த சத்தம் கேட்டது. பிறகு அவள் சிரித்தாள், மூச்செடுக்க முடியாமல், நான் பயந்ததுபோலவே. அதைக் கேட்டு நானும் பம்பர்ஸோடு குலுங்கிச் சிரித்தேன். வெள்ளைக்காரர் கலவரப்பட்டு என்ன நடக்கிறது என்றார். வழிபாடு உச்சத்துக்கு வந்துவிட்டது என்றாள். விளக்குகள் எரிந்தன. காற்றாடி சுற்றியது. நான் இன்னும் உள்ளேதான் கிடந்தேன்.

கதவு திறந்தபோது மனிதவளப் பெண்மணி கண்கலங்கி நின்றார். உங்கள் மரபின் வலிமை என்று ஏதோ சொன்னார். எங்கள் மரபு மச்சானைத் திட்டுவது என்று நான் சொல்லவில்லை. பயணம் எனக்குத்தான் என்றார்கள்.

ஏவுதளத்தில் எனக்குத் தரப்பட்டவர் மூன்றாம் இருக்கை வீரர், ஏறத்தாழ என் உடம்பளவுதான், தொப்பையைக் கழித்தால். அவர் போய், நல்லபடியாகத் திரும்பியும் வந்துவிட்டார். இல்லாவிட்டால் இதை இப்படி எழுதியிருக்கமாட்டேன். இடுப்புப் பெல்ற்றை இழுத்தேன், தோள் பெல்ற்றை இழுத்தேன். வீரர்கள் என்றால் உருக்குப்போல இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இவருடைய கண்கள் மேலே இருந்த பலகையிலேயே நின்றன. அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

தோள் பூட்டைச் சரிபார்க்க நான் குனிந்தபோது மெல்லிய குரலில் கேட்டார். "உங்களுடைய வழிபாட்டைப் பற்றிச் சொன்னார்கள். எனக்காக ஒருமுறை சொல்வீர்களா?"

வேறென்ன செய்வது? அவர் காதருகே குனிந்து, தாழ்ந்த குரலில் தொடங்கினேன்.

"விசரா, மனிசி பிள்ளையளை அங்கை கண்ணாடிக்குப் பின்னால அழவிட்டுப்போட்டு இதுக்குள்ள வந்து கிடக்கிறாய். உனக்கென்ன குறை? இருக்க வீடில்லையோ? கீழ எவ்வளவு எண்ணெயை ஊத்தி வைச்சிருக்கிறாங்கள் தெரியுமோ? உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி உன்னைக் கட்டிவிட்டிட்டு நான் நிக்கிறன், என்னைச் சொல்லவேணும். ஒழுங்காப் போய், ஒழுங்கா வந்து சேர். வராமல் விட்டியோ, கொன்றுபோடுவன்."

அவர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், "ஆமென்," என்றார். தோள்கள் கொஞ்சம் இறங்கின. நான் பெல்ற்றை மறுபடியும் இறுக்கவேண்டியதாயிற்று.

வெளியே வந்தேன். கதவை மூடினார்கள். எங்களை ஏற்றிச் செல்ல பஸ் ஒன்று நின்றது. சென்னைப் பெண் உள்ளே இருந்தாள். ஏறிக் கம்பியைப் பிடித்த என் கைகளைப் பார்த்தாள்.

"என்ன சார், கம்பியை இப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க? நீங்கதான் வெளியில வந்துட்டீங்களே."

"அதுதானே விசர், பிள்ளை. உள்ளுக்குக் கிடந்தால் ஸ்ரொப் எண்டு சொல்லலாம். வெளியில நிண்டுகொண்டு ஆருக்குச் சொல்லுறது?"

அவள் சிரிக்கவில்லை. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து இருக்கையைக் காட்டினாள்.

"உக்காருங்க சார். யாரையாவது திட்டுங்க. லாஞ்சுக்கு இன்னும் நேரம் இருக்கு."