அஞ்சு மணிச் சோறு

கலியாணம் முடித்த முதல் வருடம் நான் ஒரு நாயைப் பார்த்து எரிந்தேன். வேறொரு பெண்ணைப் பார்த்து எரிந்தேன் என்றால் வெளியே சொல்ல ஒரு மரியாதையாவது இருந்திருக்கும். எனக்கு வாய்த்ததோ செம்மண் நிறத்தில், இடது காதில் ஒரு துண்டு இல்லாத, ஏழு வயது ஊர்நாய்.

எண்பதுகளின் தொடக்கம் அது. வடமராட்சியிலிருந்து வட்டக்கச்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருந்தேன். என் மனுசனின் தகப்பன் குடியேற்றத் திட்டத்தில் எடுத்த வயற்காணி அவருக்கு வந்திருந்தது. காணியை ஒட்டியே வீடு. தாயும் தகப்பனும் போனபிறகு ஆறேழு வருடம் அந்த வீட்டில் அவரும் அந்த நாயும்தான். பக்கத்துக் காணியில் அவருடைய தமக்கை, அதாவது என் மச்சாள், இருந்தார். மச்சாள் என்னை வரவேற்ற அன்றே சொன்னார், தம்பி இவ்வளவு காலமும் கதைத்ததெல்லாம் நாயோடுதான், இனி உம்மோடு கதைக்கப் பழக வேணும் என்று. பகிடி என்று நினைத்துச் சிரித்தேன்.

பகிடியில்லை. பின்னேரம் வயலால் வரும்போது வீட்டுக்கு வரும் ஒழுங்கை முடக்கிலேயே சைக்கிள் மணியை இரண்டு தரம் அடிப்பார். அது எனக்கல்ல, நாய்க்கு. நாய் ஓடிப்போய்ச் சில்லோடு சில்லாக வரும். முற்றத்தில் இறங்கினதும் அதன் கழுத்தைத் தடவி, "என்ன மோனை, சாப்பிட்டியோ" என்பார். தேத்தண்ணியோடு வாசலில் நிற்கும் என்னிடம், "இஞ்சரும், துவாயை எடும்" என்பார். மோனை என்றால் பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற சொல். நாய்க்கு அந்தச் சொல் இருந்தது. எனக்கு, இங்கே பாரும் என்கிற அந்த இஞ்சரும்தான் இருந்தது. என் பெயரைக்கூட அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

சாப்பாட்டிலும் அப்படித்தான். மீன் தலையைப் பிட்டுச் சதையெல்லாம் பக்குவமாக எடுத்துச் சோற்றுக் கோப்பைக் கரையில் ஒதுக்கி வைப்பார். முதல் தடவை, புதுப்பெண்சாதிக்கென்று ஒதுக்குகிறாராக்கும் என்று வெட்கப்பட்டுக்கொண்டு நின்றேன். எழும்பிப்போய் நாயின் சட்டியில் போட்டுவிட்டு வந்து கை கழுவினார். அன்றைக்கு எனக்கு வயிறு பற்றியெரிந்தது.

அந்த நாய்க்குக் குசினிக்குப் பின்னால் ஒரு கூடு இருந்தது. எங்கள் பக்கத்தில் வயற்கரை நாயை இரவில் அவிழ்த்துவிட ஏலாது. பன்றிக்கென்று கட்டுத்துவக்கு வைத்திருப்பார்கள். வரம்போரம் இழுத்துக் கட்டிய கயிற்றில் கால் தட்டினால் வெடிக்கும். அவருடைய முந்தின நாய் அப்படித்தான் செத்தது. கயிற்றில் கட்டினால் இது கடித்து அறுத்துவிடும். அதனால் பாலைப் பலகை அடித்து, மேலே தகரம் போட்டு, தானே ஒரு கூடு செய்திருந்தார். எங்கள் வீட்டுக் கதவுக்குக்கூட அவ்வளவு நல்ல கொண்டி இல்லை.

நாயும் அந்தக் கூட்டைக் கோயில்போல வைத்திருந்தது என்பதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். பின்னேரம் ஐந்து மணிக்கு நான் சோறு வைப்பேன். அவர் வந்ததும் இரண்டு பேரும் வாய்க்காலுக்குப் போவார்கள். அவர் குளிப்பார், நாய் அணைக்கட்டுக்கு அங்கால் போய் அலுவலை முடிக்கும். ஏழு மணிக்குத் தானாகவே கூட்டுக்குள் ஏறிப் படுக்கும். காலையில் திறக்கும்போது பலகை நேற்றுக் கழுவியதுபோல இருக்கும்.

புரட்டாதி வந்தது. நான் கௌரிக்காப்பு விரதம் பிடிக்கப் போகிறேன் என்றேன். இருபத்தொரு நாள். அம்மன் விரதமிருந்து சுவாமியின் உடம்பில் பாதியைப் பெற்ற விரதம். எனக்குப் பாதியெல்லாம் வேண்டாம், அந்த நாய்க்குக் கிடைப்பதில் பாதி கிடைத்தால் போதும் என்று, தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டு மனதுக்குள் சொன்னேன். அம்மனிடம் நாயோடு பங்கு கேட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எங்கள் தாய்வீட்டில் விரதம் என்றால் கடும் ஒழுங்கு. மீன்சட்டி பரணுக்குப் போய்விடும். பின்னேரம் குளித்து, சமைத்து, விளக்கேற்றி, படைத்த பிறகுதான் சோற்றுப்பானையில் மற்றவர்களுக்குக் கை வைக்கலாம். படைக்க முந்தி நாய்க்குச் சோறு போடுவதை நினைத்தும் பார்க்க முடியாது. அந்த ஒழுங்கை அப்படியே இங்கே கொண்டுவந்தேன். அவர் பகலில் தமக்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டார். படைத்து, நான் சாப்பிட்டு, அவர் சாப்பிட்டு, நாயின் முறை வர ஏழரை மணியாகிவிடும். நாள் முழுவதும் வெறும் வயிறாய்க் கிடந்த எனக்கும் சோறு இறங்காது. மிச்சம், பூசணிக்காயும் பருப்புமாக, நாயின் சட்டியில் குவியும். அது தின்று முடிந்த கையோடு அவர் கூட்டைச் சாத்துவார்.

நாலாம் நாள் காலை கிணற்றடியில் நின்ற எனக்கு மணத்தது. கூடு முழுக்க நாறிக்கிடந்தது. நாய் ஒரு மூலையில், மிச்சமிருந்த ஒரு சாண் சுத்தமான பலகையில் நாலு காலையும் ஒடுக்கிக்கொண்டு நின்றது. அவர் திறந்ததும் பாய்ந்து ஓடாமல் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனது.

மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாளும். குடித்த தேத்தண்ணிக் கோப்பையைக் கிணற்றடிக்குக் கொண்டுவந்து வைத்தறியாத மனுசன், விடிய எழும்பிச் சாம்பலும் மணலும் போட்டு அந்தப் பலகைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். ஒரு வார்த்தை ஏசவில்லை. வந்த புதிதில் எனக்கு மூன்று நாள் காய்ச்சல் காய்ந்தபோது கதவடியில் நின்று, "இப்ப எப்பிடி இருக்கு" என்று கேட்டுவிட்டுப் போனவர் இவர். நான் விளக்குத்திரி திரித்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விரதக்காரி கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்குப் பல்லெல்லாம் நெருமியது.

வேப்பிலை அரைத்துப் பருக்கினார். கிளிநொச்சிக்குப் போய் மிருக வைத்தியரிடம் நாயின் கதையைச் சொன்னார். சாப்பாட்டில் ஏதும் மாற்றமோ என்று வைத்தியர் கேட்டாராம். மீன் மட்டும் இல்லை, சோறு அதே சோறுதான் என்று இவர் சொன்னாராம். பூச்சிக்கு மருந்து கொடுத்துவிட்டார்கள். நேரத்தை வைத்தியர் கேட்கவுமில்லை, இவர் சொல்லவுமில்லை.

காரணம் கண்டுபிடித்தவர் மச்சாள்தான். வேலிக்கு அங்கால் நின்று, "உது நோய் வருத்தமில்லை. புதுப்பொம்பிளை வந்த எரிச்சல். தம்பியைப் பங்கு போட விருப்பமில்லை அதுக்கு," என்றார். அவர் நாயைத் திரும்பிப் பார்த்தார். தான் வளர்த்த பிள்ளை களவெடுத்தது என்று கேள்விப்பட்டவர்போல அவருடைய முகம் சுருங்கியது. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. எரிச்சல் எனக்கு, பழி நாய்க்கு. இதைவிட என்ன வேணும்?

விரதத்தின் நடுவில் எனக்குத் தூரம் வந்தது. பின்னறையில் பாய் போட்டு மூன்று நாள் ஒதுங்கியிருந்தேன். பூசையில்லை, சமையலில்லை. மச்சாளுக்கு வயிற்றுப்புண், அவர் விரதம் பிடிப்பதில்லை. அவர் வீட்டுச் சோறு நேரத்தோடு வரும், இவர் நாய்க்கு ஐந்து மணிக்கே வைத்துவிடுவார், வாய்க்காலுக்குக் கூட்டிக்கொண்டு போவார். பின்னறைச் சின்ன யன்னலால் கூடு தெரியும். மூன்று காலையும் அவர் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று காலையும் பலகை காய்ந்து சுத்தமாகக் கிடந்தது. "கெட்டிக்காரன் மோனை," என்றார். அவருடைய குரலில் அப்படியொரு சந்தோசம்.

மச்சாளுக்கு இதற்கும் விளக்கம் இருந்தது. "நீர் ஒதுங்கியிருந்தீர். அதுக்குப் பழையபடி தன்ர வீடு எண்ட நினைப்பு. நீர் குசினிக்குள்ள வந்தவுடனை திரும்பத் தொடங்கும், பாரும்."

நாலாம் நாள் தலைக்கு வார்த்து, விட்ட இடத்தில் விரதத்தைத் தொடங்கினேன். படைத்து முடிந்து நாயின் சட்டியில் சோறு போடும்போது அகப்பை கையிலேயே நின்றது. நேற்று இந்த நேரம் இந்த நாய் சாப்பிட்டு இரண்டரை மணித்தியாலம். வாய்க்காலுக்கும் போய் வந்துவிட்டது. இன்றைக்கு இப்போதுதான் தின்னப்போகிறது, தின்ற கையோடு கூடு சாத்தப்போகிறது. எரிச்சலுமில்லை, பூச்சியுமில்லை. சோறு பிந்தியது, கதவு முந்தியது. அவ்வளவுதான்.

இன்னொருக்கால் வாய்க்கால் வரை கூட்டிக்கொண்டு போய்வாருங்கோ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவர் பத்தடி தள்ளிக் கதிரையில்தான் இருந்தார். நான் சொல்லவில்லை. போட்ட சோற்றின்மேல் இன்னும் ஒரு அகப்பை போட்டேன்.

மச்சாள் சொன்னபடி, விடியக் கூடு நாறியது. அதன்பிறகு நாய் கூட்டுக்குள் ஏற மறுத்தது. வாசலில் முன்னங்காலை ஊன்றிக்கொண்டு நிற்கும். அவர் பின்னால் நின்று தள்ளுவார். எல்லாம் தெரிந்துகொண்டு நான் தினமும் சட்டியை நிரப்பினேன்.

பத்தொன்பதாம் நாள் அவர் என் எதிரில் வந்து இருந்தார். "இஞ்சரும், நாயை மாங்குளத்தில விடப்போறன். கடை வைச்சிருக்கிற என்ர கூட்டாளி கேட்டவன். நீர் இருக்கிற வீடு, இந்த நாத்தம் கூடாது. அதுக்கும் இஞ்ச மனம் ஒட்டேல்லை."

நீர் இருக்கிற வீடு. அந்த மூன்று சொல்லுக்காக நான் இன்னும் இருபத்தொரு நாள் பட்டினி கிடந்திருப்பேன். அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை நெல்லு ஏற்றும் லொறி ஒன்று அந்தப் பக்கம் போனது. தான் உடுத்திப் பழசான சாரத்தை விரித்து நாயைத் தூக்கி ஏற்றினார். விரத வீட்டில் காலையில் உலை வைப்பதில்லை. நாய் வெறும் வயிற்றோடு போனது. கடைசி நாள் கோயிலில் ஐயர் என் இடது கையில் காப்பு நூலைக் கட்டும்போது, வென்றுவிட்டேன் என்றுதான் நின்றேன்.

நாயோடு கதைத்த கதை இனி எனக்கு வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அது ஒருத்தருக்கும் வரவில்லை. முடக்கில் மணியை இரண்டு தரம் அடிப்பார், பிறகு நினைவு வந்தவர்போலச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார். மீன் தலையைப் பிட்டுக் கரையில் வைப்பார், அதைப் பார்ப்பார், கொண்டுபோய் வேலியோரம் காகத்துக்கு எறிவார். எனக்கு வைக்க அப்போதும் தோன்றவில்லை. இல்லாத நாயைப் பார்த்தும் எரிய முடியும் என்று அந்த மாதம்தான் படித்தேன்.

ஒரு மாதம் கழித்து மாங்குளம் போய்விட்டு வந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். கோப்பையை வாயில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அங்க முதல் நாளிலயிருந்து சுத்தமாம்," என்றார். "மத்தியானச் சோறு மட்டும்தானாம். பின்னேரம் ஒண்டும் வைக்கிறேல்லையாம்." கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப அக்கா சொன்ன மாதிரி அது எரிச்சலில்லை."

"எரிச்சல்தான்," என்றேன். "அதுக்கில்லை."

சொல்லத் தொடங்கினதும் நிறுத்த முடியவில்லை. ஏழரை மணிச் சோற்றைச் சொன்னேன். பின்னறை யன்னலைச் சொன்னேன். மேலதிகமாகப் போட்ட அகப்பையையும் சொன்னேன். அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். எழும்பி, தன் கோப்பையைத் தானே கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கழுவி, கல்லில் கவிழ்த்து வைத்தார். என் பக்கம் திரும்பாமலே, "நாளைக்கு மாங்குளம் போயிட்டு வாறன். அஞ்சு மணிக்குச் சோறு வையும்," என்றார்.

மறுநாள் ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கவே சட்டியோடு முற்றத்தில் நின்றேன். லொறியால் குதித்த நாய் நேரே சட்டிக்கு வந்தது. என்னில் அதற்கு ஒரு கோபமும் இல்லை. அது எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

பிறகு நாலு வருடம் இருந்தது. ஒரு நாளும் கூட்டை ஊத்தையாக்கவில்லை. அடுத்த வருடமும் விரதம் பிடித்தேன். நாய்க்கு வேறு பானையில் நேரத்தோடு உலை வைத்தேன், அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் அந்தக் கதையை எடுத்து என்னை ஒருநாளும் குத்தவில்லை. நல்ல மனுசன்தான். ஆனால் என் முன்னால் அதை மோனை என்று கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டார். நான் குசினிக்குள் நின்றால், கூட்டடியில் குந்தியிருந்து குரலைத் தணித்து ஏதோ சொல்வார். அதன் வால் பலகையில் அடிக்கும் சத்தம் கேட்கும், சொல் கேட்காது. என்னிடமிருந்து அந்தச் சொல்லை ஒளித்துவைத்துக் கடைசிவரை அதற்கு மட்டுமே கொடுத்தார். இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது.