பம்பின் வாயில் கட்டிய சேலை: காரைக்காலில் ஒரு சோதனை

ஆவணிக் கடைசியில் காரைக்கால் போனேன். அங்குள்ள ஒரு பொறியியல் கல்லூரியில், பம்புக்குள் தண்ணீர் ஓடும் விதத்தைக் கணினியில் கணித்து, பிறகு நிஜத்தில் ஓட்டிச் சரிபார்க்கிறார்கள். நான் பார்க்கப்போன சோதனையில், ஒருவர் சம்பா விதைப்பதா வேண்டாமா என்பதும் முடிவாகவிருந்தது.

பொறையாரில் காலை எட்டேகாலுக்குப் பேருந்து. பூவம், கோட்டுச்சேரி வழியாக முக்கால் மணி நேரம். (வலப்பக்கம் உட்காருங்கள், வெயில் படாது.)

சோதனையை நடத்துபவர் விரிவுரையாளர் கவிதா. அவருடைய அண்ணன் ராஜேந்திரன், விழிதியூர் விவசாயி, எனக்கு முன்பே வந்திருந்தார்.

"தண்ணிய கம்ப்யூட்டர்ல ஓட்டுவா சார். வீட்டுல குழா சொட்டுறத மட்டும் பாக்கமாட்டா."

"வாஷர் வாங்கித் தாங்கன்னு எத்தன தடவ சொல்றது அண்ணே?"

சென்ற கார்த்திகையில் வயல் மூழ்கியபோது, தண்ணீரை இறைத்து வெளியேற்ற, கவிதா வடிவமைத்த சுழல்சக்கரத்தைத்தான் அண்ணனின் பம்பில் பொருத்தினார்கள். செத்தை ஏறாமலிருக்க, உறிஞ்சும் வாயில் பழைய சேலையைச் சுற்றிக் கட்டுவது அங்கே வழக்கம். அன்று கயிற்றைப் பிடித்துக் கொடுத்ததே கவிதாதான். கணினிக் கணக்கில் அந்தச் சேலை இல்லை. தண்ணீர் வரத்து குறைந்து, உள்ளே ஆவிக்குமிழிகள் உண்டாகி வெடித்து, சக்கரத்தை அரித்தன. பம்பு நின்றது, பயிர் அழுகியது.

"சின்னப் புள்ளைலேருந்து பாக்குறது சார். அதையும் கணக்குல சேக்கணும்னே தோணல" என்றார் கவிதா.

இப்போது புதிய சக்கரம். சேலை இல்லாமல் ஓட்டியபோது அளவுகள் திரையிலிருந்த கணிப்புக் கோட்டை ஒட்டியே வந்தன. அடுத்து சேலையைக் கட்டி, தொட்டியில் வாய்க்கால் சேற்றைக் கலந்தார். சற்று நேரம் இழுத்தது. பிறகு கண்ணாடிக் குழாயில் வெள்ளையாகக் குமிழிகள். சரளைக்கல் உருள்வது போன்ற சத்தம்.

ராஜேந்திரன் பம்பின் மேல் கை வைத்துப் பார்த்தார். "அன்னிக்கும் இதே சத்தந்தான்."

கவிதா நிறுத்தினார். "அடுத்த வருஷத்துக்குள்ள சரி பண்ணிடுவேன் அண்ணே."

"பண்ணுவ. இந்த வருஷம் நான் வெத தெளிக்கல பாப்பா."

கவிதா சேலையை அவிழ்த்து, சேறு போகும்வரை அலசினார்.

சோதனையைப் பார்க்க விரும்புவோர் துறைத்தலைவரிடம் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். வார நாட்களில்தான் ஓட்டுகிறார்கள். அங்கிருந்து ஆட்டோவில் விழிதியூருக்கும் போய்வாருங்கள். எந்தத் தண்ணீருக்காக இவ்வளவும் என்பது அங்கேதான் புரியும். மறுநாள் நான் போனபோது சாலையின் இருபுறமும் உழவு நடந்துகொண்டிருந்தது. ராஜேந்திரனின் வயல் எது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.